தலைக்கு இத்தனை கிலோ சர்க்கரை: யார் தலைக்கு?

ஒரு நாட்டில் ஓராண்டில் உற்பத்தியான சர்க்கரையை எடுத்துக்கொள்ளுங்கள். இறக்குமதியைக் கூட்டுங்கள், ஏற்றுமதியைக் கழியுங்கள், கையிருப்பு ஏறி இறங்கியதைச் சரிசெய்யுங்கள். மிச்சத்தை மக்கள்தொகையால் வகுத்தால் ‘தலைக்கு இத்தனை கிலோ’ என்று ஓர் எண் கிடைக்கும். ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு எல்லா நாடுகளுக்கும் இப்படித்தான் உணவுக் கணக்குப் போடுகிறது. நம் ஒன்றிய அரசின் பொருளாதார ஆய்வறிக்கையிலும் இதே மாதிரி ஓர் அட்டவணை உண்டு. அதன்படி 1955-56இல் ஓர் இந்தியருக்கு ஆண்டுக்குக் கிடைத்த சர்க்கரை 5 கிலோ. 1970-71இல் 7.4 கிலோ, 1990-91இல் 12.7 கிலோ, 2000-01இல் 15.8 கிலோ. இன்று ஏறக்குறைய 20 கிலோ. ஆலைச் சர்க்கரை மட்டும் இவ்வளவு. வெல்லம், கருப்பட்டி, தேன் எல்லாம் இதற்கு வெளியே.

பொருளாதாரம் எழுதுகிறவர்கள் இந்த வரிசையைப் பார்த்து ‘நாடு வளர்ந்திருக்கிறது’ என்பார்கள். மருத்துவர்கள் ‘நோய் வளர்ந்திருக்கிறது’ என்பார்கள். இரண்டிலும் உண்மை உண்டு. ஜவ்வாது மலையிலும் அதன் அடிவாரத்துக் காலனிகளிலும் வேலை செய்கிற எனக்கு இந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் வேறொரு கேள்வி வருகிறது. யார் தலைக்கு? வகுத்தல் கணக்கு எல்லாத் தலைகளையும் ஒன்றாக்கிவிடுகிறது. கரும்புக் கட்டைச் சுமக்கிற தலையும் காபிக்குச் சர்க்கரை போட்டுக்கொள்கிற தலையும் அதில் ஒன்றுதான்.

இந்த எண் உயர்ந்த ஒவ்வொரு கட்டத்திலும் அதை உயர்த்திக் கொடுத்த கைகள் எவை, அந்தக் கைகளுக்கு இனிப்பு எப்போது, என்ன விலைக்கு வந்து சேர்ந்தது என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

மேலே தேன், கீழே கரும்பு

நம் வட்டாரத்தில் இனிப்பின் வரலாறு மிகப் பழையது. தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை ஆண்ட அதியமானின் முன்னோர்கள்தான் கரும்பை இங்கே கொண்டுவந்தார்கள் என்று ஔவையார் புறநானூற்றில் சொல்கிறார். தகடூருக்குக் கிழக்கே செங்கம். அங்கே ஆண்ட நன்னனைப் பாடிய மலைபடுகடாம் அந்த மலைநாட்டின் ஒலிகளை எல்லாம் அடுக்குகிறது. ஓங்கிய பாறையில் ஏணி போட்டுத் தேன் எடுப்பவர்களின் ஒலியும் அதில் வருகிறது, ஆலையில் கரும்பு நொறுங்கும் ஒலியும் வருகிறது.

இரண்டாயிரம் ஆண்டுகளாக இந்த இரண்டு இனிப்புகளும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கின்றன. ஆனால் இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. தேனுக்கு நிலம் வேண்டாம். பாறையும் மரமும் பூவும் இருந்தால் போதும், ஏறத் தெரிந்த ஆளுக்குக் கிடைக்கும். கரும்பு அப்படியல்ல. பத்து முதல் பன்னிரண்டு மாதம் நிலத்தில் நிற்கும் பயிர். நெல்லைவிட அதிகத் தண்ணீர் குடிக்கும். ஓராண்டு காத்திருக்கப் பணம் வேண்டும், நஞ்சை வேண்டும், கிணறு வேண்டும். நம் ஊர்களில் நஞ்சையும் கிணறும் யாரிடம் இருந்தன என்று யாரும் ஆராய்ச்சி செய்ய வேண்டியதில்லை. செங்கல்பட்டு ஆட்சியர் திரெமென்கீர் 1890களின் தொடக்கத்தில் பறையர்களின் நிலை பற்றி அறிக்கை எழுதியபோது கண்டதும் அதைத்தான். பஞ்சமி நிலம் என்று பின்னாளில் ஒதுக்கியவற்றிலும் பெரும்பகுதி கை மாறிப்போனது.

ஆகவே கரும்பு இங்கே விளைந்த நாளிலிருந்தே அதை விதைக்கும் உரிமை ஒருவரிடமும், வெட்டும் கடமை இன்னொருவரிடமும் இருந்தது. இந்தப் பிரிவினை சர்க்கரை ஆலை வருவதற்கு மிகவும் முந்தையது. ஆலை அதைத் தொடர்ந்து பயன்படுத்திக்கொண்டது.

கப்பலேறிய வட ஆற்காடு

உலக அளவில் சர்க்கரை பெருகிய கதையை மானுடவியலாளர் சிட்னி மின்ட்ஸ் 1985இல் எழுதிய புத்தகத்தில் விரிவாகச் சொல்லியிருக்கிறார். இங்கிலாந்தில் 1700 வாக்கில் தலைக்கு ஆண்டுக்கு 4 பவுண்டு சர்க்கரை. 1800இல் 18 பவுண்டு. 1900 வாக்கில் 90 பவுண்டை நெருங்கிவிட்டது. அந்த 4ஐ 18 ஆக்கியவர்கள் கரீபியத் தீவுகளில் இருந்த ஆப்பிரிக்க அடிமைகள். 1833இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமைமுறையை ஒழித்தபோது அடிமைகளின் உரிமையாளர்களுக்கு 2 கோடி பவுண்டு இழப்பீடு கொடுத்தது. அடிமைகளுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை.

பிறகு கரும்பை யார் வெட்டுவது? அந்தக் கேள்விக்கான பதில் நம் மாவட்டங்களில் கிடைத்தது. 1834 முதல் மொரிசியஸுக்கு இந்தியக் கூலிகள் போகத் தொடங்கினார்கள். அடுத்த எட்டுப் பத்தாண்டுகளில் அங்கே மட்டும் சுமார் 4.5 லட்சம் பேர். 1860 நவம்பர் 16ஆம் தேதி ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்றிலிருந்து 1911 வரை நேட்டால் மாகாணத்துக்குப் போனவர்கள் 1,52,184 பேர். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். அவர்களை அனுப்பிய மாவட்டங்களில் முக்கியமானது வட ஆற்காடு. அதாவது ஜவ்வாது மலையைச் சுற்றியிருக்கும் இதே பூமி.

அந்தக் கப்பல் பதிவேடுகளில் பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர் ஆகியவற்றோடு சாதிக்கும் ஒரு கட்டம் இருந்தது. அதில் பல சாதிகள் இருக்கின்றன. ‘பறையர்’ என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. ஏன் போனார்கள்? இந்தியாவில் அடிமைமுறைக்குச் சட்ட அங்கீகாரம் இல்லை என்று 1843இல்தான் சட்டம் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, 1842இல், கடலூர் பக்கத்து நெல்லிக்குப்பத்தில் பாரி நிறுவனத்தின் சர்க்கரை ஆலை வந்திருந்தது. சட்டப்படி அடிமை இல்லை என்றானபிறகும் பண்ணையாளாக, படியாளாக இருந்தவர்களுக்கு வேறு நிலமோ தொழிலோ கொடுக்கப்படவில்லை. 1876-78 பஞ்சம் வந்தபோது மாகாணத்தில் முதலில் செத்தவர்கள் அவர்கள். தப்பியவர்களிடம் ஆள்பிடிகாரர்கள் வந்தார்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம், கப்பல் செலவு இலவசம், அங்கே சோறு உண்டு என்றார்கள்.

போனவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. பலர் ஒப்பந்தம் முடிந்து நிலம் குத்தகைக்கு எடுத்தார்கள், கடை வைத்தார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். ஊரில் கிடைக்காத ஒரு மூச்சு அங்கே கிடைத்தவர்களும் உண்டு. நம் முன்னோடி ரெட்டைமலை சீனிவாசனும் தென்னாப்பிரிக்காவில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு 1921இல் ஊர் திரும்பியவர்தான். ஆனாலும் பெரும்பான்மைக்கு அங்கே கிடைத்தது சாட்டையும் கூலிப் பிடித்தமும்தான்.

இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் மொரிசியஸ் சர்க்கரைக்குப் பெரிய சந்தையாக இருந்தது இந்தியா. இங்கிருந்து ஆளை ஏற்றிக்கொண்டு போய், அந்த ஆள் வெட்டிய கரும்பின் சர்க்கரையை இங்கேயே கொண்டுவந்து விற்றார்கள். அதை வாங்கும் நிலையில் சேரி இல்லை. அக்கிரகாரமும் ஊரும்தான் வாங்கின.

ஆலைக்குப் பாதுகாப்பு, விவசாயிக்குப் பாதுகாப்பு

மொரிசியஸ் சர்க்கரைக்குப் பிறகு ஜெர்மனி, ஆஸ்திரியாவின் பீட்ரூட் சர்க்கரை வந்தது. அதன்பின் ஜாவா சர்க்கரை. 1920களின் கடைசியில் ஆண்டுக்கு 8, 9 லட்சம் டன் வெளிநாட்டுச் சர்க்கரை இந்தியாவுக்குள் வந்துகொண்டிருந்தது. உள்நாட்டில் விளைந்த கரும்பில் பெரும்பங்கு வெல்லத்துக்கும் நாட்டுச் சர்க்கரைக்கும் போனது. வெள்ளைச் சர்க்கரை ஆலைகள் நாடு முழுக்கச் சுமார் 30தான்.

இரண்டு விஷயங்கள் இதை மாற்றின. முதலாவது கோயம்புத்தூர். 1912இல் அங்கே தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பார்பரும் அவருக்குப் பின் டி.எஸ். வெங்கட்ராமனும், ஆற்றோரத்தில் தானாக வளரும் நாணல் போன்ற காட்டுக் கரும்பை இனிப்புக் கரும்போடு சேர்த்துப் புது ரகங்களை உருவாக்கினார்கள். 1918இல் ‘கோ 205’ வெளிவந்தது. பின்னால் வந்த ‘கோ 419’ தென்னிந்தியா முழுக்கப் பரவியது. இன்றும் நம் பக்கத்து விவசாயிகள் வாயில் ‘கோ 86032’ என்ற எண் சரளமாக வரும். ‘கோ’ என்றால் கோயம்புத்தூர்.

1930களில் அந்த நிலையத்தில் வேலை பார்த்த ஒரு விஞ்ஞானியை நாம் தனியாகச் சொல்ல வேண்டும். தலச்சேரியில் 1897இல் தீயர் சமூகத்தில் பிறந்த இ.கே. ஜானகி அம்மாள். கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்து, கரும்பைச் சோளம் போன்ற வேறு புல்லினங்களோடு கலப்பினம் செய்தவர். பெண், திருமணம் செய்துகொள்ளாதவர், பிற்படுத்தப்பட்ட சமூகத்தவர் என்ற மூன்று காரணங்களுக்காகவும் அந்தக் காலத்து அறிவியல் உலகம் அவருக்கு எளிதில் இடம் தரவில்லை. 1939இல் லண்டனுக்குப் போனார். 1945இல் டார்லிங்டனோடு சேர்ந்து அவர் வெளியிட்ட பயிர்களின் குரோமோசோம் தொகுப்பு உலகப் புகழ்பெற்றது. நம் டம்ளரில் கரைகிற சர்க்கரையின் அறிவியல் வரலாற்றில் இப்படி ஒரு பெயர் இருப்பது பாடப்புத்தகங்களில் அதிகம் வராது.

இரண்டாவது விஷயம் சட்டம். 1932இல் சர்க்கரைத் தொழில் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இறக்குமதிச் சர்க்கரைக்குக் கனத்த வரி போடப்பட்டது. நான்கைந்து ஆண்டுகளில் ஆலைகளின் எண்ணிக்கை 130ஐத் தாண்டியது. ஜாவா சர்க்கரை கிட்டத்தட்ட மறைந்தே போனது. ஆலை முதலாளிகள் கொழிப்பதைப் பார்த்துக் கரும்பு விவசாயிகள் குரல் கொடுக்க, 1934இல் கரும்புச் சட்டம் வந்தது. ஆலைகள் கரும்புக்குக் கொடுக்க வேண்டிய குறைந்தபட்ச விலையை மாகாண அரசுகள் நிர்ணயிக்க அது வழி செய்தது. இன்று ஒன்றிய அரசு ஆண்டுதோறும் அறிவிக்கும் நியாய ஆதாய விலை அந்த மரபில் வந்ததுதான். 2025-26 பருவத்துக்குக் குவிண்டாலுக்கு 355 ரூபாய்.

1932இல் ஆலைக்குச் சட்டம், 1934இல் விவசாயிக்குச் சட்டம். கரும்பை வெட்டுகிறவருக்கு? தொண்ணூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. கரும்பு விலையோடு சேர்த்து வெட்டுக்கூலியையும் அறிவிக்கும் ஒரு சட்டம் இன்னும் வரவில்லை. விவசாயிக்கும் ஆலைக்கும் உள்ள நிலுவைப் பிரச்சினை தினமும் செய்தியாகிறது, நியாயமான பிரச்சினைதான். அந்த நிலுவையைக் காரணம் காட்டி வெட்டுக்கூலி நிறுத்தப்படும்போது அது செய்தியாவதில்லை.

அஸ்கா, டீக்கடை, ரேஷன் அட்டை

வட ஆற்காட்டிலும் சென்னையிலும் பெரியவர்கள் வெள்ளைச் சர்க்கரையை ‘அஸ்கா’ என்பார்கள். அது ஓர் ஊரின் பெயர். அன்றைய சென்னை மாகாணத்தின் வடகோடியில், இன்றைய ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தில் இருக்கும் அஸ்காவில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஒரு சர்க்கரை ஆலை இருந்தது. அங்கிருந்து வந்த வெள்ளைச் சர்க்கரைக்கு ஊரின் பெயரே நிலைத்துவிட்டது. தெற்கே அது ‘சீனி’. அது சீனாவிலிருந்து வந்த பெயர். வெல்லத்துக்கும் கருப்பட்டிக்கும் இப்படி வெளியூர்ப் பெயர் கிடையாது. எது உள்ளூர்ச் சரக்கு, எது வெளியிலிருந்து வந்த கௌரவச் சரக்கு என்பதை மொழி நினைவில் வைத்திருக்கிறது.

இந்தக் கௌரவச் சரக்கு எளிய மக்களின் வாய்க்கு வந்த முதல் வழி டீக்கடை. 1930களில் தேயிலைக் கம்பெனிகளின் விற்பனை வாரியம் ஊர் ஊராகப் போய்த் தேநீர் போட்டுக் காட்டி மக்களைப் பழக்கியது. டீயோடு சர்க்கரையும் கிராமத்துக்குள் வந்தது. ஆனால் எப்படி வந்தது? நம்மவர்களுக்கு முதலில் கொட்டாங்குச்சியில், பிறகு தனியாக மாட்டி வைத்த அலுமினியக் குவளையில். அதே சர்க்கரை, அதே பால், அதே இரண்டணா. சில ஊர்களில் இந்த இரட்டைக் குவளை இன்றும் பேப்பர் கப் என்ற பெயரில் தொடர்வதைத் தீண்டாமை குறித்துக் களஆய்வு செய்கிற அமைப்புகள் பதிவு செய்திருக்கின்றன. சர்க்கரை நுகர்வு எத்தனை கிலோ உயர்ந்தது என்று சொல்கிற அட்டவணையில், அது எந்தக் குவளையில் ஊற்றப்பட்டது என்பதற்குக் கட்டம் இல்லை.

நல்ல உணவு என்பது நம் நாட்டில் காசு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் அல்ல. அண்ணல் அம்பேத்கர் 1936இல் வெளியிட்ட ‘சாதி ஒழிப்பு’ உரையில் ஜெய்ப்பூர் சமஸ்தானத்துச் சக்வாரா கிராமத்தைச் சொல்கிறார். தீர்த்த யாத்திரை போய்வந்த ஒரு தலித், தன் காசில் விருந்து வைத்து நெய் பரிமாறினார் என்பதற்காகச் சாதி இந்துக்கள் தடியோடு வந்து அடித்தார்கள். நெய்க்கு நேர்ந்ததுதான் இனிப்புக்கும். வாங்க வசதி வந்த பிறகும் உண்ண அனுமதி வேண்டியிருந்தது.

இரண்டாவது வழி ரேஷன். போர்க்காலக் கட்டுப்பாட்டில் தொடங்கி, 1967 முதல் ஆலைகளிடமிருந்து ஒரு பங்கை லெவியாக அரசு எடுத்துக்கொள்ளும் முறை நிலைத்தது. மிச்சத்தை அவர்கள் வெளிச்சந்தையில் விற்கலாம். இந்த லெவிச் சர்க்கரைதான் ரேஷன் கடைக்கு வந்தது. நேர்மையாகச் சொன்னால், சேரிக்கும் மலைக்கும் சர்க்கரையை உரிமையாகக் கொண்டுவந்தது டீக்கடையும் அல்ல, சந்தையும் அல்ல; ரேஷன் அட்டைதான். தமிழ்நாட்டில் அட்டை எல்லோருக்கும் உண்டு என்பதால் அது இங்கே இன்னும் முழுமையாக நடந்தது. ஒரு நபருக்கு அரைக் கிலோ, அட்டைக்கு அதிகபட்சம் 2 கிலோ. கிலோ 13 ரூபாய் 50 காசு. குறைகளும் இருந்தன. மலையில் சாலையில்லாத குக்கிராமங்களிலிருந்து அந்த இரண்டு கிலோவுக்காகப் பாதி நாள் நடந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் எடை போட்டு, அட்டையில் பதிந்து, யாரிடமும் கெஞ்சாமல் வாங்கிய இனிப்பு அது.

அதன்பின் லெவி படிப்படியாகக் குறைக்கப்பட்டு 2013இல் முற்றாக நீக்கப்பட்டது. 2017இல் ஒன்றிய அரசு சர்க்கரை மானியத்தை அந்தியோதயா அட்டைகளோடு சுருக்கியது. அந்த ஆண்டு நவம்பர் முதல் தமிழ்நாட்டில் மற்ற அட்டைகளுக்குச் சர்க்கரை கிலோ 25 ரூபாய் ஆனது. நாட்டின் சர்க்கரை உற்பத்தி வரலாறு காணாத உயரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்த நேரம் அது. 1950-51இல் 11 லட்சம் டன்னாக இருந்த உற்பத்தி 2021-22இல் 359 லட்சம் டன். அந்தப் பருவத்தில் உலகிலேயே அதிகம் உற்பத்தி செய்தது இந்தியா. ஒரு கோடி டன்னுக்கு மேல் ஏற்றுமதி ஆனது. இன்னொரு பகுதி எத்தனாலாகிப் பெட்ரோலில் கலந்தது.

முன்பணம்

இப்போது ஜவ்வாது மலைக்கு வருவோம். திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்திருக்கும் இந்த மலையில் பெரும்பான்மையோர் மலையாளிப் பழங்குடிகள். தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் மிகப் பெரிய இனம் அதுதான். 2011 கணக்கெடுப்பில் 3.5 லட்சத்துக்கும் மேல். சாமை, புளி, பலா, தேன், கொஞ்சம் நெல். மழையை நம்பிய விவசாயம். அறுப்பு முடிந்ததும் கையில் வேலை இருக்காது. சமவெளியில் கரும்பு வெட்டுப் பருவம் தொடங்குவதும் அதே சமயத்தில்தான்.

மலையைச் சுற்றிலும் கரும்பு இருக்கிறது. திருப்பத்தூர் பக்கம் கேத்தாண்டப்பட்டி, வேலூர் பக்கம் அம்முண்டி, கிழக்கே செய்யாறு என்று கூட்டுறவு ஆலைகள். வெட்டுக்குப் போகிறவர்கள் மூன்று தரப்பு. அடிவாரத்துத் தலித் குடும்பங்கள், இருளர் குடும்பங்கள், மலையிலிருந்து இறங்கும் மலையாளிக் குடும்பங்கள். மலையாளிகள் தாங்கள் காஞ்சிபுரத்து வேளாளர் வழிவந்தவர்கள் என்று சொல்லும் பூர்வகதை ஒன்று உண்டு. அந்தக் கதையின் பெயரால் நம்மிடமிருந்து விலகி நிற்பவர்களும் உண்டு. ஆனால் கரும்புத் தோட்டத்தில் மூன்று பேருக்கும் ஒரே சோகைதான், ஒரே மேஸ்திரிதான்.

வேலை எப்படி என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அடியோடு ஒட்டி வெட்ட வேண்டும், ஏனென்றால் இனிப்பு அடியில்தான் அதிகம், மறுதாம்பும் நன்றாகக் கிளைக்கும். நாள் முழுக்க இடுப்பு வளைந்தே இருக்கும். பிறகு சோகை கழித்து, கொழுந்தாடையை நறுக்கி, கட்டுக் கட்டி, தலையில் தூக்கி, பலகை மேல் ஏறி லாரியில் அடுக்க வேண்டும். சோகையின் விளிம்பு ரம்பம் மாதிரி. கை, கழுத்து, முகம் எல்லாம் கீறும். பாம்பு உண்டு. கூலி டன் கணக்கில். ஆண் வெட்டினால் பெண் கட்டித் தூக்குவாள். இருவரும் சேர்ந்து ஓர் ஆள் கணக்கு. பெண்ணுக்கென்று தனிக் கூலி கிடையாது.

எல்லாவற்றுக்கும் முன்னால் முன்பணம் வந்துவிடும். ஆடி, ஆவணி மாதப் பஞ்சத்தில், பள்ளி திறக்கும் நேரத்தில், யாருக்காவது உடம்பு சரியில்லாதபோது மேஸ்திரி கொண்டுவந்து கொடுப்பார். முன்பணம் எவ்வளவு என்று கேட்டால் உடனே பதில் வருகிறது. எவ்வளவு கழிந்திருக்கிறது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரிவதில்லை. அந்தக் கணக்கு மேஸ்திரியின் நோட்டில் இருக்கிறது. பருவ முடிவில் மிச்சக் கடன் இருந்தால் அடுத்த பருவத்துக்கு அது புது முன்பணம். குடும்பம் இறங்கும்போது பிள்ளைகளும் கூடவே இறங்குகிறார்கள். மலையில் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருப்பதால் சில பிள்ளைகள் தப்புகிறார்கள். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள அழைத்துப் போகப்படும் பெண்பிள்ளைகள் தப்புவதில்லை.

இதற்குச் சட்டம் வைத்திருக்கும் பெயர் கொத்தடிமை. 1976இன் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் முன்பணத்தால் கட்டிப்போடும் உழைப்பைத் தடை செய்கிறது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவதே அரசமைப்பின் 23ஆம் பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பு என்று உச்ச நீதிமன்றம் 1982இல் சொன்னது. கட்டாய உழைப்பு என்று தெரிந்தால் அதன் பின்னால் முன்பணம் இருப்பதாகவே கருத வேண்டும், இல்லையென்று நிரூபிப்பது முதலாளியின் பொறுப்பு என்று 1984இல் சொன்னது. நேட்டாலுக்குப் போனவரின் கையில் ஐந்தாண்டு ஒப்பந்தக் காகிதமாவது இருந்தது. இன்று மலையிலிருந்து இறங்குகிறவரிடம் அதுவும் இல்லை.

முன்பணம் என்ற கயிறு கரும்போடு நிற்பதில்லை. செங்கல் சூளைக்கும் அதுதான், காபித் தோட்டத்துக்கும் அதுதான், காட்டுக்கும் அதுதான். 2015 ஏப்ரல் 7ஆம் தேதி சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரில் பலர் ஜவ்வாது மலையையும் அதன் அடிவாரத்தையும் சேர்ந்தவர்கள்.

நம் மாநிலத்தில் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். மகாராஷ்டிரத்தில் கணவன் மனைவி இணையை ‘கொய்தா’ என்பார்கள், அரிவாள் என்று பொருள். ஆளையே கருவியின் பெயரால் எண்ணுகிறார்கள். அங்கே பீட் மாவட்டத்தில் மாதவிடாய் நாளில் வேலை கெடக் கூடாது, அபராதம் கட்டக் கூடாது என்பதற்காகக் கரும்பு வெட்டும் பெண்கள் கருப்பையையே எடுத்துக்கொண்டது 2019இல் வெளியே வந்தது. அரசு அமைத்த குழு சுமார் 82,000 பெண்களிடம் விசாரித்ததில் 13,000க்கும் மேற்பட்டோருக்குக் கருப்பை நீக்கப்பட்டிருந்தது. அவர்களில் பெரும்பாலோர் தலித், பழங்குடி, நாடோடிச் சமூகங்களைச் சேர்ந்த ஏழைகள்.

கணக்கில் வராத இனிப்பு

கீழே இது நடக்கும்போது மேலே தேன் என்ன ஆனது? 1882இன் சென்னை வனச்சட்டம் காடுகளை ஒதுக்குக் காடுகளாக்கியது. தேன், மெழுகு, கடுக்காய், புளி எல்லாம் ‘சிறு வனப்பொருள்’ ஆயின. எடுக்கும் உரிமை ஏலத்துக்குப் போனது. இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பாறையில் ஏறியவர், குத்தகைதாரருக்குத் தேன் எடுத்துக் கொடுக்கும் கூலியாளானார். பின்னாளில் வந்த பழங்குடியினர் கூட்டுறவுச் சங்கங்கள் இடைத்தரகைக் கொஞ்சம் குறைத்தன. 2006இன் வன உரிமைச் சட்டம்தான் தேனைப் பெயர் சொல்லி, அதைச் சேகரிக்கவும் விற்கவும் பழங்குடிகளுக்கு உடைமை உரிமை உண்டு என்றது. தமிழ்நாட்டில் நீதிமன்றத் தடையால் அந்தச் சட்டம் பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்து, பிறகுதான் பட்டாக்கள் வரத் தொடங்கின.

மலையில் ஒரு குடும்பம் எடுத்துத் தானே உண்கிற, பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கிற தேன் எந்த அட்டவணையிலும் வராது. சந்தைக்கு வந்தால்தான் அது உணவு வழங்கல். அதனால் புள்ளிவிவரத்தின் கண்ணுக்கு மலை எப்போதும் இனிப்பில்லாத இடமாகத் தெரிந்தது. ரேஷன் சர்க்கரை வந்த நாளில்தான் அது கணக்கில் வந்தது. ஆனால் எடுக்கும் உரிமையைப் பறித்துக்கொண்டு பிறகு மானியமாக இனிப்பைக் கொடுத்ததை வளர்ச்சி என்று எழுதுவதற்கு முன்னால் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

கடைசியாக வந்த சர்க்கரை கூடவே நோயையும் கொண்டுவந்தது. நம் மக்கள் ஒரு நோயையே ‘சர்க்கரை’ என்று அழைக்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு 2023இல் வெளியானது. நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு, தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 விழுக்காடு. சர்க்கரை மட்டுமே காரணமல்ல. பாலிஷ் அரிசியும் சாமை போனதும் உழைப்பின் தன்மை மாறியதும் சேர்ந்தவை. ஆனால் வசதியுள்ளவர் இன்று சர்க்கரையை விட்டு வெல்லத்துக்கும் மலைத்தேனுக்கும் திரும்புகிறார். நகரத்து இயற்கை அங்காடியில் அவற்றின் விலை வெள்ளைச் சர்க்கரையைப் போலப் பல மடங்கு. மலையில் இருப்பவர் தேனை விற்று அந்தக் காசில் டீக்குச் சர்க்கரை வாங்குகிறார். நூறாண்டுக்கு முன் வெள்ளைச் சர்க்கரை கௌரவம், வெல்லம் ஏழைச் சரக்கு. இன்று தலைகீழ். இரண்டு காலத்திலும் ஏழைக்கு மிஞ்சியது மற்றவர் வேண்டாம் என்று விட்டது.

என்ன கேட்க வேண்டும்

சர்க்கரை சாப்பிடாதீர்கள் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. கேட்க வேண்டியவை தெளிவாக இருக்கின்றன.

ஒன்று, கரும்பு விலை அறிவிக்கப்படும்போதே டன்னுக்கான வெட்டுக்கூலியும் அரசாணையாக வர வேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிப் பெயரில், தனித்தனி வங்கிக் கணக்கில் போக வேண்டும். விவசாயியின் தலையில் மட்டும் சுமத்தாமல் ஆலையும் அதில் பொறுப்பேற்க வேண்டும்.

இரண்டு, வெட்டுக் கும்பல்களை ஆலைகள் பதிவு செய்ய வேண்டும். முன்பணம், கழிவு, மீதம் எல்லாம் தொழிலாளியின் கையிலும் இருக்கும் அட்டையில் எழுதப்பட வேண்டும். ரேஷன் அட்டையில் அரைக் கிலோவை எழுத முடிந்த அரசுக்கு இது முடியாததல்ல. கோட்டாட்சியர்கள் பருவம் தொடங்கும்போதே தோட்டங்களுக்குப் போக வேண்டும், புகார் வந்தபின் அல்ல. கொத்தடிமை என்று உறுதியானால் விடுவிப்புச் சான்று அன்றே கையில் கிடைக்க வேண்டும்.

மூன்று, அறுவடை இயந்திரங்கள் மானியத்தோடு வந்துகொண்டிருக்கின்றன. முதுகு ஒடியும் வேலை போவதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் இயந்திரத்துக்கு மானியம் கொடுக்கும்போது, அது இடம்பெயர்க்கும் குடும்பத்துக்கு நிலமோ மாற்றுத் தொழிலோ திட்டத்தில் இருக்க வேண்டும். 1843இல் செய்யாமல் விட்டதை இன்னொரு முறை விட்டுவிடக் கூடாது.

நான்கு, ஜவ்வாது மலையின் ஒவ்வொரு கிராம சபைக்கும் தேன் உள்ளிட்ட வனப்பொருள்கள் மீதான சமூக உரிமைப் பட்டா வேண்டும். விலையை அவர்கள் சொல்ல வேண்டும்.

ஐந்து, இது படித்தவர்களுக்கு. தலைக்கு இத்தனை கிலோ என்று அடுத்த முறை எழுதும்போது, எந்தச் சமூகம் எவ்வளவு வாங்குகிறது, எந்தச் சமூகம் எவ்வளவு வெட்டுகிறது என்ற இரண்டு பத்திகளையும் சேர்த்து வெளியிடச் சொல்லிக் கேளுங்கள். நேட்டால் கப்பலின் பதிவேட்டில் சாதிக்கு ஒரு கட்டம் வைக்க ஆங்கிலேயனுக்குத் தோன்றியது. அவன் அதை ஆளைத் தரம் பிரிக்க வைத்தான். அதே கட்டம் இன்று கூலியையும் உரிமையையும் கேட்பதற்கு நமக்கு வேண்டும்.

ஜெய்பீம்.